உசிருன்னு சொன்ன பலகை

கூரை ஓரத்தில் பலகை அடிப்பது தனியாளாகச் செய்யக்கூடிய வேலையில்லை. கூரையைத் தாங்குகிற கைமரங்களின் நுனிகள் சுவரைத் தாண்டி வரிசையாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை மூடி, வீட்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை ஓடுவது ஓரப்பலகை. சாரலும் அணிலும் உள்ளே போகாமல் தடுப்பது அது. மழைத்தண்ணீரைக் கொண்டுபோகிற தகரக் காவாயைத் தாங்குவதும் அதுதான். தெருவில் நடக்கிறவர்கள் அண்ணாந்து பார்த்தால் ஒரு வர்ணக்கோடு தெரியும். அதற்குமேல் யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை. என் அக்கா தன் வாழ்நாளில் பாதிக்குமேல் அந்தக் கோட்டுக்குக் கீழேயும், பிறகு அதன் பக்கத்திலும் கழித்தாள்.

போன மாதம் இறந்துபோனாள். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டாக, "பொறுமைன்னா அவதான். அந்த மனுஷனை வச்சுக் காப்பாத்தினாளே" என்றார்கள். காப்பாற்றினாள் என்பது உண்மை. எப்படி என்பது அவர்களுக்குத் தெரியாது.

அந்த மனுஷன், என் அத்தான், ஓரப்பலகை மேஸ்திரி. அவருக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். காலையில் வாயைத் திறந்தால் வேலை முடிந்து ஏணியைக் கட்டுகிறவரை மூடமாட்டார். வீட்டுக்காரர்களுக்கு அவரைப் பிடிக்கும். பலகையை அடிப்பதற்கு முன்பே நாலு பக்கமும் வர்ணம் பூசவேண்டும் என்பது அவர் கொள்கை. சிக்கனக்காரர் யாராவது, "சுவரைப் பாத்த பக்கத்துக்கு எதுக்குய்யா பெயிண்ட்? யாரு பாக்கப்போறா?" என்று கேட்டால், "மழை பாக்கும் சார்" என்பார். கேட்டவரே சிரித்துவிடுவார்.

முதுகுப்பக்கம் வர்ணம் பூசுவதுதான் கல்யாணமான புதிதில் அக்காவின் வேலை. பலகைகளை மரக்குதிரை என்கிற தாங்குகட்டையில் கிடத்தி, பின்பக்கத்தையும் அறுத்த முனைகளையும் பூசவேண்டும். முனைதான் தண்ணீரை உறிஞ்சுகிற வாய். அதற்கு இரண்டு பூச்சு. ஒரு முனையை மறந்தால் பிரஷ்ஷின் கட்டை அவள் விரல் கணுவில் விழும். அதையும் அவர் சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டேதான் செய்வார்.

"எங்க வீட்டு அம்மணி பெயிண்ட் அடிச்சா பாதி பலகைக்கு, பாதி புடவைக்கு. பரவாயில்லை, புடவையும் உளுத்துப்போகாதுல்ல?"

வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். அக்கா விரலை வாயில் வைத்துக்கொண்டு அடுத்த முனைக்குப் போவாள்.

பழைய பலகைகளைச் சோதிப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. உளுத்த பலகை முன்னால் பார்க்க நன்றாகவே இருக்கும். முதுகிலிருந்துதான் சாகும். குத்திப் பார்த்தால் வர்ணம் கெட்டுவிடும் என்று வீட்டுக்காரர்கள் கத்துவார்கள். அதனால் சுத்தியின் கைப்பிடியால் தட்டிப் பார்ப்பார். கைமரத்தின் தலைமேல் தட்டக்கூடாது. அங்கே ஆணி இறங்கியிருக்கும், எப்போதும் கெட்டியாகத்தான் கேட்கும். இரண்டு கைமரத்துக்கு நடுவே தட்டவேண்டும். நல்ல மரம் 'டக்' என்று சொல்லும். உளுத்தது 'பொத்' என்னும். தட்டிவிட்டு உரத்த குரலில் அறிவிப்பார். "உசிரு... உசிரு... செத்தது... உசிரு." கீழே நிற்கிற அக்கா செத்த இடத்துக்கு நேராகச் சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போடவேண்டும். வீட்டுக்காரர்களுக்கு இது டாக்டர் நெஞ்சில் குழல் வைப்பதைப் பார்க்கிற மாதிரி. வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள்.

ஏணியைச் சுவரில்தான் சாய்க்கவேண்டும், காவாயிலோ பலகையிலோ சாய்த்தால் செருப்பால் அடிப்பேன் என்று கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தவர், ஒருநாள் அவசரத்தில் தானே காவாயில் சாய்த்தார். அதைத் தாங்கிய பலகையை அன்று காலைதான் தட்டிப் பார்த்து உசிரு என்று சொல்லியிருந்தார். பலகை, காவாய், ஏணி, ரேடியோ எல்லாம் ஒன்றாக வந்து கீழே விழுந்தன. இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் போயிற்று. எழுந்து நடக்க ஆரம்பித்தபோது கையில் கம்பு இருந்தது. ஏணிக்கும் அவருக்கும் அத்துடன் முடிந்தது.

பலகை பிடிக்க ஆள் வைத்துப் பார்த்தார். அவருடைய வாய்க்கு எவனும் ஒரு வாரம் தாங்கவில்லை. கடைசியில், "நீயே ஏறு, விழுந்தா எனக்கு ஒருவேளைச் சாப்பாடுதான் போகும்" என்று அக்காவை ஏற்றினார்.

அவர் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில், தட்டுகிற இடத்துக்கு நேர் கீழே, சுவரை ஒட்டி உட்காருவார். சத்தம் அங்கேதான் சரியாக இறங்கும் என்பார். அக்கா மேலே தட்டுவாள். அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு அறிவிப்பார். மேலே நிற்கிறவளுக்குத் தன் மூச்சும் காற்றும்தான் கேட்கும், கேட்கிற காது தனக்கு மட்டும்தான் என்பது அவர் சொல். எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று ஒருமுறை அக்கா கேட்டாள். "அது பிறப்புல வரணும்டி. உன் பிறப்புல சோறு வடிக்கிறது வந்திருக்கு, அதையே ஒழுங்கா செய்" என்றார்.

அந்த அறிவிப்பில்தான் அவள் உயிர் இருந்தது. ஏணியிலிருந்து பக்கவாட்டில் எட்டி ஆணி அடிக்க, ஒரு கையால் பலகையின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டு உடம்பைச் சாய்க்கவேண்டும். உசிரு என்று அவர் சொன்ன பலகையைப் பிடிக்கலாம். செத்தது என்றால் தொடக்கூடாது.

ஆனாலும் அக்காவுக்கு ஏணி பிடித்துப்போயிற்று. ஒருநாள் என் வீட்டுக்கு வந்தபோது கையில் புது வீக்கம் இருந்தது. நான் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். "வேலைக்குப் போகாதேக்கா, வீட்டுலயே இரு. அடி உதையாவது குறையும்" என்றேன்.

"லூசு. இது வீட்டுல வாங்கினது. நாலு படி ஏறிட்டா அவர் கம்பு எட்டாதுடி. மேல நின்னா காது மட்டும்தான் வலிக்கும்" என்றாள்.

அதைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த நிம்மதியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. இரண்டு பேரும் நாள் முழுக்க ஒன்றாக இருக்கிற வேலையில், ஏணியின் மேல் பாதி மட்டும் அவளுடையதாக இருந்தது.

பிறகு ஒரு வங்கிக்காரர் வீட்டு வேலை வந்தது. அவர் வீட்டை விற்கப்போகிறார். உளுத்தது வாங்குகிறவன் கண்ணில் படக்கூடாது என்று ஓரப்பலகை முழுக்க ஓட்டை அடைக்கிற மக்குப்பசை தடவி, மேலே மொத்தமாக இரண்டு பூச்சு வர்ணம் அடித்துவிட்டார். மூலையில் காவாய் மட்டும் தொங்கியது. அதைத் தூக்கிக் கட்ட இவர்களைக் கூப்பிட்டிருந்தார். அக்கா ஏறித் தட்டினாள். "உசிரு" என்றார் அத்தான். அடுத்ததும் உசிரு. மூலையும் உசிரு. அக்கா மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூலைப்பக்கம் எட்டினாள். பலகை ரொட்டி பிய்வதுபோல் பிய்ந்து, ஒரு துண்டு அவள் கையோடு வந்தது. பூந்தொட்டிகளின் மேல் விழுந்தாள். இடது மணிக்கட்டு முறிந்தது. விலாவில் ஓர் எலும்பு விரிசல் விட்டது.

நாற்காலியிலிருந்து அத்தான் எழுந்திருக்கவில்லை. "கைமரத்துத் தலையில தட்டினியாடி, மூதேவி?" என்றார்.

"நடுவுலதாங்க தட்டினேன்."

"நடுவுல தட்டியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதா? சார், பாத்தீங்களா? தொட்டியை உடைச்சிட்டுப் பேச்சைப் பாருங்க."

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட டாக்டரிடமும் அதையே சொன்னார். பார்க்க வந்தவர்களிடம், டீக்கடையில், மரக்கடையில், எங்கும் அதே கதை. தட்டத் தெரியாதவளை ஏற்றிவிட்டது தன் தப்பு, இரக்கப்பட்டுக் கெட்டேன் என்பார். மேஸ்திரி சொல்கிறார் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். கொஞ்சநாளில் ஒரு முடிவையும் அறிவித்தார். அவருடைய அக்கா மகன், நெட்டையன் என்று கூப்பிடுவார்கள், வேலையில்லாமல் இருந்தான். இனி ஏணியில் அவன் ஏறுவான்.

"நீ வீட்டைப் பாத்துக்கோ. நான் உன்னைப் பாத்துக்கிறேன்" என்றார் அக்காவிடம்.

அக்கா அதை என்னிடம் வந்து சொன்னாள். அடிக்கு அவள் பயப்பட்டவள் இல்லை, பழகியவள். ஆனால் எட்டாத இடம் ஒன்று இருந்தது, அது போகப்போகிறது என்பதுதான் அவளைக் கலக்கியது. "தட்டத் தெரியாதவன்னு பேரு வந்தாச்சு. இனி எவன்டி என்னை ஏத்துவான்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அந்த வாரம்தான் குக்கர் விஷயம் நடந்தது. ஒற்றைக் கையால் துணி துவைக்கக் கொல்லைக்குப் போனவள், அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்த அவரிடம், நாலு விசில் வந்ததும் அணைக்கச் சொல்லிவிட்டுப் போனாள். கொல்லையிலேயே அவளுக்கு விசில் கேட்டது. நாலு வந்தது. ஐந்தாவதும் வந்தது. அடுப்பு அணையவில்லை. தீய்ந்த வாசனை வந்தபிறகு ஓடிவந்தால், குக்கருக்கு இரண்டடி தள்ளி அவர் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விசிலே வரலையே. குக்கரைக்கூட ஒழுங்கா மூடத் தெரியலையா?" என்றார். அதற்கும் ஒன்று விழுந்தது.

அக்கா அன்றைக்கு அழவில்லை. தீய்ந்த பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே யோசித்தாள். முகத்துக்கு நேரே நிற்காமல் கேட்ட கேள்விக்கு அவர் எப்போதாவது பதில் சொன்னதுண்டா? அவர்தான் பேசுவார். பேசிக்கொண்டே இருக்கிறவனுக்குக் காது எதற்கு? முகத்துக்கு நேரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளிப்பார். கனத்த குரல் காதில் விழும். பலகை நல்லதா கெட்டதா என்பதை அவர் கண்ணால்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். வர்ணத்தில் கொப்புளம், தண்ணீர் இறங்கிய கறை, ஆணித்தலையைச் சுற்றிய துரு. நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே இவற்றைப் பார்த்துவைத்துக்கொண்டு பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவார். அந்தத் திறமை நிஜம். புதிதாக வர்ணம் அடித்த வீட்டில்தான் பார்ப்பதற்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. தெரியவில்லை என்று சொல்வதற்குப் பதில் உசிரு என்று சொல்லிவிட்டார்.

நான் பார்க்கப் போனபோது அத்தான் டீ குடித்துக்கொண்டிருந்தார். எதிரே நான் இருந்தேன். அக்கா அவர் முதுகுக்குப் பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்தாள். துணி மடிக்கிற நிதானத்தில், சாதாரணக் குரலில், "நாசமாப் போறவனே, உன் நாக்கு அழுக, உன்னைப் பாடையில ஏத்த" என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

"என்ன, காலேஜ் படிச்ச பொண்ணு பேயறைஞ்ச மாதிரி பாக்குது? டீ நல்லா இல்லையா? உங்க அக்கா போட்டதுதான்" என்றார்.

அவர் தலைக்குமேல் அக்கா என்னைப் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. எடை போடுகிறவள் தராசு முள்ளைப் பார்ப்பதுபோல் என் முகத்தைப் பார்த்தாள்.

கட்டுப் பிரித்த கொஞ்ச நாளில் லைன் வீடுகளின் வேலை வந்தது. ஒரே கூரையின்கீழ் வரிசையாகச் சின்ன வாடகை வீடுகள், எல்லாவற்றுக்கும் சேர்த்து நீளமான ஓரப்பலகை. சொந்தக்காரி ஒரு கறாரான அம்மாள். எது நல்லது எது கெட்டது என்று தன் கண்முன்னால் சொல்லவேண்டும், செத்ததை மட்டும் மாற்றினால் போதும் என்று நின்றாள். கதவு ஜன்னலுக்கு வர்ணம் அடிக்க ஒரு பெயிண்டரும் அன்று வந்திருந்தார். நெட்டையன் ஏறினான். எங்கே தட்டவேண்டும் என்று அவனுக்குப் பிடிபடவில்லை. கைமரத்தின் தலைமேல் தட்டினான், காவாயில் தட்டினான், ஒருமுறை தன் கட்டைவிரலிலேயே தட்டிக்கொண்டான்.

"யப்பா, யாராவது ஒருத்தர் ஒழுங்காத் தட்டுங்கப்பா. எனக்கு வெயில் தாங்கல" என்றாள் வீட்டுக்கார அம்மாள்.

அக்கா சாப்பாடு கொண்டுவந்தவள், தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். அத்தானுக்கு முன்னால் போய் நின்று, "நான் தட்டிட்டு மட்டும் இறங்கிடறேங்க. அதுக்கப்புறம் நெட்டையனே செய்யட்டும்" என்றாள்.

"ஏறு, ஏறு. இந்தத் தடவை விழுந்தா நெட்டையன்மேல விழாத. அவன் எலும்பு குத்தியே செத்துப்போவ."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் ஏறினாள். முதல் நாலைந்து இடத்தில் ஒழுங்காகவே தட்டினாள். டக், டக், பொத். கீழே இருந்து, "உசிரு, உசிரு, செத்தது" என்றார் அவர். அந்தப் பலகையில் கறை இருந்தது. பிறகு ஏணியை நகர்த்தச் சொன்னாள். சுத்தியை ஓங்கினாள், பலகைக்கு ஒரு விரல் இடைவெளியில் நிறுத்தினாள். முழங்கை மட்டும் தட்டுவதுபோல் அசைந்தது. ஒரு சத்தமும் இல்லை.

"உசிரு" என்றார் அத்தான்.

ஏணியோடு நாற்காலியையும் நகர்த்திக்கொண்டு அவர் நேர் கீழே இருந்தார். அவருக்குத் தெரிந்தது அவள் முழங்கை மட்டும்தான். ஏணியைப் பிடித்திருந்த நெட்டையன் அண்ணாந்து பார்த்தான். அக்கா அடுத்த இடத்துக்கு எட்டி, மறுபடி ஓங்கி, மறுபடி நிறுத்தினாள்.

"உசிரு. நல்ல தேக்கும்மா, கணீர்னு இருக்கு."

பெயிண்டர் பிரஷ்ஷை டப்பாவில் வைத்துவிட்டு வந்து நின்றார். வீட்டுக்கார அம்மாள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"செத்தது" என்றார் அத்தான். "இது பொத்துனு இருக்கு. கேட்டுச்சா உங்களுக்கு?"

"ஆமா மேஸ்திரி, நல்லாக் கேட்டுச்சு" என்றார் பெயிண்டர். நெட்டையனின் தோள் குலுங்கியதில் ஏணியும் ஆடியது.

எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து அத்தானுக்கு உற்சாகம் வந்துவிட்டது. தன் பேச்சுக்குத்தான் என்று நினைத்தார். "எங்க அம்மணிக்குத் தட்டத்தான் தெரியும், கேக்கத் தெரியாது. கடவுள் அவளுக்கு வெறும் கையை மட்டும் குடுத்துட்டு, காதை எனக்குக் குடுத்துட்டான்" என்றார். பெயிண்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தார். லைன் வீடுகளிலிருந்து பெண்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். யாரோ யார் காதிலோ சொன்னார்கள், அவர்களும் சிரித்தார்கள். அன்றுபோல் அவர் பேச்சு என்றைக்கும் எடுபட்டதில்லை. முகமெல்லாம் மலர்ந்து, ஒவ்வொரு பக்கமும் திரும்பித் திரும்பி, "உசிரு... உசிரு" என்று அறிவித்துக்கொண்டே போனார். அக்கா மிச்ச நீளம் முழுக்கப் போனாள். ஓரிடத்தில்கூடச் சுத்தி மரத்தில் படவில்லை.

இறங்கியதும் வீட்டுக்கார அம்மாள் அவளை ஓரமாக அழைத்துப் போனாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"தெரியலைங்கம்மா."

"அப்ப இத்தனை நாள் எதை நம்பி நீ மேல நின்ன?"

"அவர் வாயை."

"சரி, என் பலகைக்கு என்ன பண்றது?"

அக்கா முந்தானை முடிச்சிலிருந்து ஒரு கோணி ஊசியை எடுத்தாள். பலகையின் அடிவிளிம்பில், தெருவுக்குத் தெரியாத இடத்தில், மேல்நோக்கிக் குத்தினால் போதும். நல்ல மரத்தில் நுனிதான் இறங்கும், செத்த மரத்தில் ஊசி முழுசாகப் போகும். கை கட்டோடு வீட்டில் கிடந்த நாட்களில், தங்கள் வீட்டுக் கூரையிலேயே இதைச் செய்து பார்த்திருக்கிறாள். வீட்டுக்கார அம்மாள் ஊசியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வேலை உனக்குத்தான். ஏணியில நீ ஏறு, நெட்டையன் பிடிக்கட்டும். அவரும் வரட்டும், பாவம். பொழுது போகும்" என்றாள். யாருடைய பொழுது என்று சொல்லவில்லை.

அத்தானிடம், கூலி மிச்சமாகும் என்று அந்த அம்மாளே உரக்கச் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தாள். அக்காவை மறுபடி ஏற்றிவிட்டது தன் பெருந்தன்மை என்று அவர் டீக்கடையில் சொன்னார்.

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் அதே கூத்துதான். முதலில் அக்கா ஊசியால் குத்திப் பார்த்து முடித்துவிடுவாள். பிறகு அவர் நாற்காலி வரும். அவள் தொடாமல் தட்டுவாள், அவர் அறிவிப்பார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் வேடிக்கை போய்விடும். கொத்தனார், எலக்ட்ரீஷியன் எல்லாரும் கேள்விப்பட்டு, பலகை வேலை என்றால் கொஞ்சம் முன்னதாகவே வந்து நின்றார்கள். தெருமுனையில் அவர் கம்பை ஊன்றி வரும்போது எவனாவது தன் நெஞ்சில் தட்டுவதுபோல் கையை அசைப்பான். இன்னொருவன் "உசிரு!" என்பான். அத்தான் அவர்களைப் பார்த்துக் கையை உயர்த்துவார். அதே நாட்களில் அக்காவுக்குப் பெயர் மாறியது. ரேடியோ பெண்டாட்டி என்று சொன்னவர்கள் பலகைக்காரம்மா என்றார்கள்.

ஒருமுறை எனக்குப் பொறுக்காமல், "காதுக்கு ஒரு மெஷின் வாங்கி மாட்டிவிடேன்க்கா" என்றேன்.

"எதுக்கு?"

"கேக்குறதுக்குத்தான்."

"கேட்டா என்ன கேக்கும்? சிரிக்கிறது கேக்கும். எதுக்குடி அந்த மனுஷனுக்கு அந்தக் கஷ்டம்?" என்று சொல்லிவிட்டு ஆணிகளைத் தகர டப்பாவில் பிரித்துப் போட்டாள். வளைந்தது ஒரு பக்கம், நேரானது ஒரு பக்கம். அவள் கன்னத்தில் முந்தினநாள் வாங்கிய தடம் இருந்தது. ஏணியில் அவர் கை எட்டவில்லையே தவிர, வீட்டில் எட்டிக்கொண்டுதான் இருந்தது. பகலில் அவளுக்கு, மாலையில் அவருக்கு என்று முறைவைத்து நடந்தது அந்தக் குடும்பம்.

அது முடிந்தது ஒரு மாடி வீட்டில். குழாய் பதிக்கச் சுவரை ஒட்டி நீளமாகப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். நாற்காலியை நேர் கீழே போட இடமில்லை. நெட்டையன் அதைத் தள்ளி, கேட்டுக்குப் பக்கத்தில் போட்டான். அவனும் யோசிக்கவில்லை, அக்காவும் கவனிக்கவில்லை. அங்கிருந்து பார்த்தால் பலகையும் சுத்தியும் பக்கவாட்டில் தெரியும்.

அக்கா ஓங்கி நிறுத்தினாள். கீழே இருந்து அறிவிப்பு வரவில்லை. திரும்பிப் பார்த்தாள்.

அத்தான் சுத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுத்திக்கும் பலகைக்கும் நடுவே இருந்த இடைவெளியில் வானம் தெரிந்தது. பிறகு நெட்டையனைப் பார்த்தார். அவன் வழக்கம்போல் சிரிப்பதற்கு வாயைத் தயாராக வைத்திருந்தான். பக்கத்து மாடியில் இரண்டு பேர் கைப்பிடியில் சாய்ந்து காத்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களையும் பார்த்தார். லைன் வீடு முதல் அன்றுவரை நடந்தது எல்லாம் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போவதை மேலிருந்து பார்க்க முடிந்தது என்றாள் அக்கா.

"உசிரு" என்றார்.

குரல் எப்போதும்போல் உரக்கத்தான் வந்தது. அக்கா அவர் கண்ணைப் பார்த்தாள். தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது, அவளுக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிந்தது. அந்த இடத்தில் அவள் நிறுத்தியிருக்கலாம். நிஜமாகவே ஒரு தட்டுத் தட்டியிருக்கலாம். அவள் அடுத்த இடத்துக்கு எட்டி, சுத்தியை முன்பைவிடப் பின்னால் கொண்டுபோய், பலகைக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்து, காற்றில் இரண்டு முறை அசைத்தாள். காத்திருந்தாள்.

"செத்தது" என்றார் அத்தான்.

அடுத்த இடத்தில் சுத்தியை இடுப்பில் செருகிவிட்டு வெறும் விரலை அசைத்தாள். அதற்கும் சொன்னார். நெட்டையனுக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. "அத்தை, போதும், இறங்குங்க" என்று மெதுவாகச் சொன்னான். அவள் மூலைவரை போய்விட்டுத்தான் இறங்கினாள்.

அதோடு வீட்டில் அடி நின்றது. கம்பு நடப்பதற்கு மட்டும் ஆயிற்று. பேச்சும் குறைந்தது. சாப்பாட்டில் உப்பில்லாவிட்டால் தானே எழுந்துபோய்ப் போட்டுக்கொண்டார். "திருந்திட்டாரா?" என்று கேட்டேன்.

"திருந்தலை. கை வச்சா மறுநாள் கூட்டிட்டுப் போகமாட்டேன்னு தெரியும்" என்றாள் அக்கா. "நாற்காலி இல்லாம அவர் எங்க போவார்?"

நான் கடைசியாக அவர்கள் வேலை செய்வதைப் பார்த்தது ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில். அத்தான் ரொம்ப மெலிந்துவிட்டார். நெட்டையன் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டான், அங்கே நிழல் இருந்தது. அவர் உட்காரவில்லை. தானே நாற்காலியை இழுத்துக்கொண்டு, வெயில் விழுகிற சுவரோரத்துக்குப் போனார். மேலே நடப்பது எதுவும் தெரியாத இடமாகப் பார்த்து, ஏணிக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்தார். அக்கா சேலையைச் செருகிக்கொண்டு வந்தாள். ஏறுவதற்கு முன்னால் அவர் முகத்துக்கு நேரே குனிந்து, உதடு நன்றாகத் தெரியும்படி, ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டாள்.

"தட்டலாங்களா?"

அவர் கம்பை மடியில் வைத்துக்கொண்டார்.

"ம். தட்டு."